வயிற்றில் பிள்ளையோடு புது வேலை: இப்போதே சேர்வதா, பொறுத்திருப்பதா?

என் சின்னம்மா மகளுக்கு இது நான்காவது மாதம். காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறாள். சம்பளம் 19,000 ரூபாய், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறவர்கள், மாதம் 24,000 தருவதாக அவளுக்கு நியமனக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவள் கர்ப்பமாக இருப்பது இன்னும் தெரியாது. மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி பிப்ரவரி 10.

"அக்கா, போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டாள். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கிற நேரத்தில் வேலை மாறுவதா என்கிறார் மாமியார். ஐயாயிரம் கூடக் கிடைக்கிறதே, விடாதே என்கிறார் கணவர். சட்டம் பாதுகாப்புத் தருகிறது, தைரியமாகப் போ என்கிறாள் ஒரு தோழி. மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யாரும் நாள்காட்டியைக் கையில் எடுக்கவில்லை. இந்த முடிவு முதலில் நாள் கணக்கு. துணிச்சல், சம்பளம், சாத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் பிரசவத்தில் எனக்கு ஒரு ரூபாய்கூட மகப்பேற்றுப் பணம் வரவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. முதல் சம்பளத்திலேயே இஎஸ்ஐ பிடித்தார்கள். எட்டாம் மாதத்தில் விடுப்புக் கேட்டபோது, "பணம் இஎஸ்ஐயில் வரும், நாங்கள் தரவேண்டியதில்லை" என்றார்கள். இஎஸ்ஐயில் கேட்டால், புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழிந்த பிறகுதான் பயன்பெறும் காலம், அதாவது பணம் கேட்கக்கூடிய காலம், தொடங்கும் என்றார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் அம்மா இரண்டு வளையலை அடகு வைத்தார். நடுவில் விழுந்தவளுக்கும் ஒரு வழி சட்டத்தில் இருந்தது என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்பது நாள் என்றால் எத்தனை மாதம்?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் வைத்த அடிப்படை நிபந்தனை ஒன்றுதான்: பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், யாரிடம் பணம் கேட்கிறோமோ அந்த முதலாளியிடம் குறைந்தது 80 நாட்கள் வேலை செய்திருக்கவேண்டும். 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் 80 நாளும் 26 வாரமும் அப்படியே இருக்கின்றன.

"அந்த முதலாளியிடம்" என்ற சொல்லைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். பழைய கடையில் மூன்று ஆண்டு உழைத்தது புது இடத்தின் கணக்கில் சேராது. வேலை மாறிய அன்று எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

80 நாள் என்பது நாள்காட்டியில் 80 நாள் அல்ல. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 13 வாரமும் இரண்டு நாளும், ஐந்து நாள் வேலை என்றால் முழுதாக 16 வாரம். அக்டோபர் 2 போன்று சட்டப்படி ஊதியத்துடன் விடும் விடுமுறைகள் வேலை நாளாகவே எண்ணப்படும். ஆனால் வாந்தி, மயக்கம், ஸ்கேன் என்று சம்பளம் இல்லாமல் எடுக்கும் நாட்கள் கழிந்துபோகும். கர்ப்பிணிக்கு அப்படிப் பத்து நாளாவது போகும் என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம்.

எங்கள் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். கடையில் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு செப்டம்பர் 15 அன்று விடுதியில் சேர்ந்தால், ஒரு நாளும் தவறாமல் போனால், டிசம்பர் 16 அன்று 80 நாள் நிறைகிறது. பத்து நாள் தவறினால் டிசம்பர் கடைசி வாரம். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் விடுப்பு எடுக்கலாம். பிப்ரவரி 10 என்ற தேதிக்கு அது டிசம்பர் 16இலிருந்து தொடங்குகிறது. ஆக, ஜனவரி 1 முதல் விடுப்பு என்று திட்டமிட்டால் கணக்கு நிற்கிறது.

அக்டோபர் முதல் தேதி சேர்ந்தால் பத்து நாள் தவறலையும் சேர்த்து ஜனவரி நடுவில்தான் நிறையும். எட்டாம் மாதம் முழுவதும் ஓடவேண்டியிருக்கும். நவம்பர் முதல் தேதி சேர்ந்தால், ஒரு நாளும் தவறாமல் போனாலும் பிப்ரவரி முதல் வாரம் வந்துவிடும். பிள்ளை பத்து நாள் முந்திப் பிறந்தால் எல்லாம் போயிற்று. யாரும் அந்த வேலைக்குத் துணியவேண்டாம். என் கணிப்பில், சேரும் நாளுக்கும் பிரசவத் தேதிக்கும் இடையே நாலரை மாதம் இல்லையென்றால் புது வேலைக்கு இப்போது போகக்கூடாது. எங்கள் பெண்ணுக்கு அது ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

பழைய இடத்திலேயே இருந்தால்

இதில் கிடைப்பது நிம்மதி. இஎஸ்ஐ விதிப்படி, பிரசவம் விழும் பயன்பெறும் காலத்துக்கு உரிய முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருக்கவேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்தியது ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை செலுத்தியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் உதவும். மூன்று ஆண்டு விடாமல் வேலை செய்தவளுக்கு இந்த 70 நாள் எப்போதோ நிறைந்துவிட்டது. 26 வாரத்துக்கும் முழுச் சராசரி ஊதியம் வங்கிக் கணக்குக்கு வரும். 19,000 சம்பளத்துக்கு ஏறத்தாழ 1,14,000 ரூபாய்.

இதில் சொல்லப்படாத ஒரு நன்மையும் உண்டு. பணம் இஎஸ்ஐயிலிருந்து வருவதால் கடை முதலாளியின் பெட்டியிலிருந்து எதுவும் போவதில்லை. ஆகவே அவருக்கு முகம் கோணுவதற்குக் காரணம் குறைவு. விடுதியில் நிலைமை வேறு. 24,000 சம்பளம் இஎஸ்ஐயின் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டுகிறது. எனவே அங்கே 26 வார ஊதியத்தையும், மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ உதவித்தொகையையும் விடுதிக்காரர்களே கொடுக்கவேண்டும். மூன்றரை மாதம் வேலை பார்த்தவளுக்கு 1,44,000 ரூபாய். சட்டம் அதைக் கொடுக்கச் சொல்கிறது, நானும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நம்புகிறவள்தான். ஆனால் அந்தத் தொகையைப் பார்க்கும் ஒரு சிறு முதலாளியின் மனத்தில் என்ன ஓடும் என்பதையும் கணக்கில் வைக்காமல் முடிவெடுக்க முடியாது.

பழைய இடத்தின் குறை, சம்பளம் அங்கேயே நின்றுவிடும் என்பது மட்டுமல்ல. அந்தக் கடையில் நின்றுகொண்டே செய்யும் வேலை அதிகம். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிக் கூட்டம் வரும்போது அவளுக்கு ஆறாம் மாதம் முடிந்திருக்கும். பிரசவத்துக்கு முந்தைய பத்து வாரத்தில், கடைசி ஆறு வாரத்துக்கு முன்னால் வரும் ஒரு மாதத்துக்கு, பெண் கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நிற்கிற வேலையோ கடினமான வேலையோ தரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. தீபாவளி அதற்கு முன்பே வந்துவிடும்.

இப்போதே மாறினால்

விடுதியில் உட்கார்ந்து செய்கிற வேலை. கானாடுகாத்தானும் அவள் பிறந்த பள்ளத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் கேள்வியே இல்லாத வழக்கம். வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு முறை இடைவேளை கேட்கும் உரிமை உண்டு. பிள்ளை பக்கத்தில் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள். காரைக்குடிக் கடையில் இருந்துகொண்டு பள்ளத்தூருக்கு இடைவேளையில் போய் வர முடியுமா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்கவேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் அவ்வளவு ஆள் வைத்திருக்கும் இடங்கள் செட்டிநாட்டில் குறைவு.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். மகப்பேற்று ஊதியம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படும். ஜனவரியில் விடுப்பு எடுத்தால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் புதுச் சம்பளம். விடுப்புக் காலத்தில் மட்டும் 30,000 ரூபாய் கூடுதல், அதற்கு முன் வேலை செய்யும் மூன்றரை மாதத்தில் 17,500 கூடுதல். இந்த வாரக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1977இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போன, தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கு அது. ஆறு நாளைக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பார்த்து வாங்கவேண்டும்.

ஆபத்து எங்கே? 80 நாள் நிறைவதற்கு முன் "தகுதிகாண் பருவத்தில் திருப்தி இல்லை" என்று நிறுத்திவிடுவதில். கர்ப்பக் காலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும், நீக்காமலிருந்தால் கிடைத்திருக்கும் மகப்பேற்றுப் பணத்தை அது பறிக்காது என்று சட்டத்தில் இருக்கிறது. விடுப்பில் இருக்கும்போது நீக்குவதும், நீக்க அறிவிப்புக் கொடுப்பதும் சட்ட விரோதம். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர், நிரந்தரமானவர் என்ற வேறுபாட்டை மகப்பேறு சட்டம் பார்ப்பதில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் பயன் தொடரும் என்று 2023இல் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனையும் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் ஏழாம் மாத வயிற்றோடு சிவகங்கைக்குப் போய்த் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, விசாரணைக்கு அலைகிற வேலையையும் சேர்த்தே இந்தப் பக்கத்தை எடைபோடவேண்டும்.

அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பிடிமானம் இருக்கிறது. இஎஸ்ஐ விதியில் காப்பீடு பெற்றவர் என்றால் இப்போது ஊழியராக இருப்பவர் மட்டுமல்லர், முன்பு இருந்து பங்களிப்புச் செலுத்தித் தகுதி பெற்றவரும்தான். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை கடையில் அவள் செலுத்தியதே 70 நாளுக்கு மேல் வருகிறது. பிப்ரவரி பிரசவம் அதற்குரிய ஜனவரி–ஜூன் காலத்தில் விழுகிறது. விடுதி வேலை நடுவில் முறிந்தாலும் இஎஸ்ஐயில் கேட்க அவளுக்கு இடம் உண்டு. இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது, ஒரு பக்கம்தான். இஎஸ்ஐக் கிளை அலுவலகத்தில் தன் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து இதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொண்ட பிறகுதான் கடையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இஎஸ்ஐ உள்ள இடத்திலிருந்து இஎஸ்ஐ உள்ள இன்னொரு இடத்துக்கு மாறுகிறவர்களுக்கு என் எச்சரிக்கை ஒன்றே. பழைய காப்பீட்டு எண்ணையே புது இடத்தில் கொடுங்கள். சோம்பலில் புது எண் எடுத்துவிட்டால், புதிதாகச் சேர்ந்தவராகக் கணக்கில் வந்து, சேர்த்து வைத்த நாளெல்லாம் வேறு பெயரேட்டில் கிடக்கும்.

முதல் வேலையே கர்ப்பக் காலத்தில் என்றால், நான் விழுந்த பள்ளம் அது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம், இஎஸ்ஐ பிடித்தம் உண்டு, ஆனால் பயன்பெறும் காலம் ஒன்பது மாதம் கழித்து. பிள்ளை அதற்குமுன் பிறந்துவிடும். இஎஸ்ஐயில் மகப்பேற்றுப் பணம் கேட்கும் தகுதி வரும்வரை, மகப்பேறு சட்டப்படி முதலாளியிடம் இருக்கும் உரிமை தொடரும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. புதிய தொகுப்பும் அதை விடவில்லை. 80 நாள் வேலை செய்திருந்தால் முதலாளியிடம் அந்தப் பிரிவைக் காட்டி எழுத்தில் கேட்கவேண்டும். நான் 80 நாளைத் தாண்டித்தான் வேலை செய்திருந்தேன். வாயால் கேட்டேன், வாயால் இல்லை என்றார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

பொறுத்திருந்து பிறகு சேர்ந்தால்

மூன்றாவது வழி, விடுதிக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி, ஜூலையில் சேர்கிறேன் என்று கேட்பது. கடையில் இருந்தபடியே இஎஸ்ஐ பணம் 26 வாரத்துக்கும் வாங்கிக்கொள்ளலாம். விடுப்பு முடிந்து கட்டாயம் அதே இடத்துக்குத் திரும்பவேண்டும், திரும்பாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. உடம்புக்கும் இதுதான் நல்லது.

ஆனால் செட்டிநாட்டு விடுதிகளுக்குப் பருவம் குளிர்காலம். வெளிநாட்டுக்காரர்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்க்க வருவது அப்போதுதான். செப்டம்பரில் ஆள் எடுக்கிறவர்களுக்கு ஜூலையில் வருகிறவள் எதற்கு? கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதை நம்பி இருக்கமுடியாது.

எப்போது சொல்வது?

இதில்தான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கர்ப்பத்தைத் தானாக முன்வந்து சொல்லவேண்டும் என்ற கடமை இல்லை. எல்ஐசியில் சேர்ந்த நீரா மாத்தூர் தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தார். சேரும்போது மாதவிலக்கு பற்றிய கேள்விக்குத் தவறான பதில் எழுதினார் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகள் பெண்ணின் தன்மானத்தைப் புண்படுத்துபவை, படிவத்திலிருந்து நீக்குங்கள் என்றது.

ஆகவே சொல்லாமல் சேர்வது குற்றமல்ல. இருந்தும் நான் அவளைச் சொல்லச் சொல்கிறேன். கானாடுகாத்தான் சின்ன ஊர். அவள் அம்மாவை அறிந்தவர்கள் விடுதியிலும் இருப்பார்கள், வளைகாப்பு வளையல் கையில் ஏறிய பிறகு மறைக்க ஒன்றுமில்லை. அதைவிட, ஐந்து ஆறு ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் முதல் மாதமே முகம் திரிந்துவிடக் கூடாது. நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு, பழைய வேலையை விடுவதற்கு முன், எழுத்தில். இந்த வரிசை மாறக்கூடாது. அவர்கள் கடிதத்தைத் திரும்பப் பெற்றால் கடை வேலை கையில் இருக்கும். பெண் என்பதற்காக வேலைக்கு எடுக்க மறுப்பது சட்டப்படி தவறுதான், ஆனால் கர்ப்பம்தான் காரணம் என்று நிரூபிப்பது எளிதல்ல. அந்த இழப்பை இந்த வழியில்தான் தாங்கமுடியும்.

சிறிய இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு

காரைக்குடியில் பலகாரம் சுடும் வீடுகளிலும், ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறைகளிலும், பழம்பொருள் கடைகளிலும் பத்துப் பேருக்குக் குறைவாகத்தான் இருப்பார்கள். பத்துப் பேர் இல்லாத கடைக்கு மகப்பேறு சட்டம் எட்டாது. ஆனால் கடந்த 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளில் பத்துப் பேர் வேலை செய்திருந்தாலும் போதும் என்கிறது சட்டம். தீபாவளிக்கு முன் சீப்புச் சீடைக்கும் மணகோலத்துக்கும் ஆள் கூட்டுகிற பலகாரக் கடையில் அந்த ஒரு நாள் வந்திருக்கும். சம்பளப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம்: வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். கர்ப்பம் உறுதியானதுமே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துவிடவேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்கு, இஎஸ்ஐ உள்ள வேலையை விட்டுவிட்டுக் கர்ப்பக் காலத்தில் போவதை நான் எந்தக் கூடுதல் சம்பளத்துக்கும் ஒப்பமாட்டேன்.

அரசு வேலைக்கு ஆணை வந்தவர்களுக்கு ஒப்பீடே வேண்டாம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

எங்கள் பெண்ணுக்கு நான் சொன்னது இரண்டாவது வழி, ஒரே ஒரு நிபந்தனையோடு. நேற்று இரவு உட்கார்ந்து விடுதிக்கு மின்னஞ்சல் எழுதினோம். கர்ப்பமாக இருப்பதையும் பிரசவத் தேதியையும் சொல்லி, செப்டம்பர் 15 அன்று சேர விரும்புவதாகவும், ஜனவரி 1 முதல் சட்டப்படி 26 வார மகப்பேறு விடுப்பு எடுக்கப்போவதாகவும், இதை ஏற்று எழுத்தில் பதில் தரவேண்டும் என்றும் எட்டு வரியில் முடித்தோம். வேலையில் சேரும்போதே மகப்பேறு உரிமைகளை எழுத்தில் தெரிவிப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்வதையும் பணிவாகக் குறிப்பிட்டோம். பதில் வந்தால் மறுநாளே கடையில் ராஜினாமாக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கடையிலேயே இருந்துகொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். மாமியாரும் அதற்குச் சரி என்றார்.